ஆண் மலட்டுத்தன்மையும் ஆய்வுகூட எலிகளும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. எங்கள் வகுப்பார்தான், சந்தேகமில்லை. உயர்தர வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோதும் இப்படித்தான் சிரித்தோம். சூலகம், கருப்பை எல்லாவற்றையும் பாடமாக்கிய நாங்கள், விதைகளின் படம் இருந்த பக்கத்தை மட்டும் வெட்கத்தில் வேகமாகப் புரட்டினோம்.

மருத்துவர்களான பிறகும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தோம் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம். ஒரு பெண் ஏழு வருடமாகப் பிள்ளையில்லை என்று வந்தார். கந்தசஷ்டி விரதம், நேர்த்திக்கடன், நாட்டு மருந்து எல்லாம் முடிந்திருந்தன. நாங்களும் அவருக்கே இரத்தப் பரிசோதனை எழுதினோம், ஸ்கான் எழுதினோம், கருக்குழாய் அடைப்புப் பார்த்தோம். கணவர் வாசலிலேயே நின்று, "எனக்கொரு குறையுமில்லை டொக்டர், இவவைப் பாருங்கோ" என்றார். நாங்களும் அவ்வைத்தான் பார்த்தோம். கடைசியில் அவருடைய சுக்கிலத்தைப் பரிசோதித்தபோது ஒரு விந்தும் இருக்கவில்லை. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. இது எங்களுக்குத் தெரியாத கணக்கல்ல. தெரிந்துகொண்டே அந்தப் பெண்ணின் இரண்டு வருடங்களை வீணாக்கினோம்.

ஏன் விந்து இல்லை என்று அவர் கேட்டபோது எங்களிடம் முழுமையான பதில் இருக்கவில்லை. அதைத் தேடும் இடந்தான் எலிக்கூடு. எலியில் ஆண் இனப்பெருக்கக் கலங்களிலேயே பெரும்பாலும் வேலை செய்யும் பரம்பரையலகுகள் 2300க்கும் மேல் என ஒரு மதிப்பீடு உண்டு. எது இல்லாவிட்டால் பிள்ளை பிறக்காது என்பதை அறிய ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். முன்னர் அப்படியொரு எலியை உருவாக்க ஒரு வருடத்துக்கு மேல் செல்லும். பக்டீரியாக்கள் வைரசுகளை வெட்டியெறியக் கையாளும் உபாயத்தை 2012 இல் ஜெனிபர் டவுட்னாவும் இமானுவேல் சார்பென்டியேயும் ஒரு கருவியாக்கினார்கள். கிரிஸ்பர் என்கிறோம். 2020 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கருவியைக் கருக்கட்டிய எலி முட்டைக்குள் செலுத்தி வளர்ப்புத் தாயிடம் வைத்தால் சுமார் 20 நாட்களில் குட்டிகள் பிறக்கின்றன. ஓரிரு தலைமுறையில் வேண்டிய ஆண் எலி கிடைத்துவிடும். அதை ஆரோக்கியமான பெண் எலிகளோடு விட்டு, பிறக்கும் குட்டிகளை எண்ணுகிறார்கள். குட்டி இல்லையென்றால் பெண் எலிகளை யாரும் விரதம் பிடிக்கச் சொல்வதில்லை.

ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் மசாகிதோ இக்காவாவின் குழுவினர் 2016 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். விதைகளில் அதிகம் வேலை செய்யும் 54 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக இழந்த எலிகள். எல்லாவற்றுக்கும் குட்டிகள் பிறந்தன! தோல்வி என்று நினைக்கலாம். எங்களுக்கு அது பெரிய உதவி. அந்த 54 இன் பின்னால் இனி வேறொருவர் வருடக்கணக்கில் அலைய வேண்டியதில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் 2005 இல், கிரிஸ்பர் வருமுன்னரே, கண்டறிந்த இசுமோ என்ற புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். திருமண வரம் தரும் ஜப்பானியக் கோயிலொன்றின் பெயர் அது. (விஞ்ஞானிகளும் கோயிலை விடவில்லை.) இந்தப் புரதம் இல்லாத எலியின் விந்து பார்வைக்குக் குறையற்றது, நன்றாக நீந்தும், முட்டையின் வெளியுறையைத் துளைத்து உள்ளே போகும். ஆனால் முட்டையோடு இணையாது. அந்த விந்தையே ஊசியால் முட்டைக்குள் செலுத்தினால் குட்டி பிறக்கிறது. 2014 இல் முட்டையின் மேற்பரப்பிலே இசுமோவைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை இங்கிலாந்தில் கண்டுபிடித்து, ரோமத் தெய்வமான ஜூனோவின் பெயரை வைத்தார்கள். 2020 இல் ஒசாக்காக் குழுவினர் இணைவுக்கு வேண்டிய வேறு விந்துப் புரதங்களையும் காட்டினார்கள்.

சுக்கில அறிக்கையில் "சாதாரணம்" என்று எழுதினால் ஆணின் கதை முடிந்தது, பழி மறுபடி பெண்ணுக்கு என்று நாங்கள் பழகியிருந்தோம். எண்ணிக்கையும் அசைவும் சரியாயிருந்தும் விந்து கருக்கட்டாமற் போகலாம் என்று எலி காட்டிய பிறகு, அந்தச் சொல்லை அத்தனை தைரியமாக எழுத எங்களுக்குக் கை வருவதில்லை.

"எலிக்குச் செய்ததை இவருக்கும் செய்யேலாதோ?" என்று கேட்கிறார்கள். இல்லை. 2018 இல் சீனாவில் மனித முளையத்தில் கைவைத்தவர் சிறைக்குப் போனார். எலியில் செய்வது காரணத்தை அறிவதற்கு மட்டுமே. அதிலும் எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்குப் பொருந்தாது. விந்து உருவாக எலிக்கு 35 நாட்கள், மனிதருக்குச் சுமார் 74.

அந்தக் கணவர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு, "இதை அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார். நாங்கள் சொல்லட்டுமா என்றோம். வேண்டாம், தானே சொல்லுகிறேன் என்றார். அடுத்த தவணைக்கு மூன்று பேராக வந்தார்கள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. கொண்டுவந்த தேநீரை முதலில் மருமகளுக்கு ஊற்றிக் கொடுத்தார்.