கட்டங்களிலிருந்து அத்தியாயங்களுக்கு



மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் இந்த உரை இருவருடையது. இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். ஒரே மருத்துவ பீடத்துக்குப் போனோம். இப்போது வெவ்வேறு மாவட்டங்களில் வேலை. மற்றவருக்கு இன்றைக்குக் கடமை, வர முடியவில்லை. ஆகவே 'நாங்கள்' என்றே பேசப்போகிறோம். சங்கத்தார் தந்த தலைப்பு வேலையும் எழுத்தும் என்பது. அதைக் கொஞ்சம் வளைத்து, சித்திரக்கதை கீறிக்கொண்டிருந்த நாங்கள் ஏன் நாவலுக்கு வந்தோம் என்று சொல்கிறோம்.

1990இல் பாதை பூட்டுப்பட்ட பிறகு இந்தியாவிலிருந்து புதிய புத்தகங்கள் வருவது அரிதாகிவிட்டது. அண்ணாமாரின் பழைய முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும்தான் கைமாறி வந்தன. 1972இல் வந்த இரும்புக்கை மாயாவிகூட எங்களுக்கு அட்டையில்லாமல்தான் அறிமுகம். சில புத்தகங்களில் கடைசிப் பக்கங்களே இருக்காது. இல்லாத முடிவை நாங்கள் கீறி ஒட்டினோம். அப்படித்தான் தொடங்கியது. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. கணக்குக் கொப்பியின் பின்பக்கம், ஜாம் போத்தல் விளக்கு, நுனி தேய்ந்த பென்சில். ஒருவர் ஒரு கட்டம் கீற, மற்றவர் அடுத்ததைக் கீறுவார். அதனால் எங்கள் கதாநாயகனின் மூக்கு கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பிகள் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது இல்லை. அதைவிடப் பெரியவற்றை இழந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்; மேலே போகிறோம்.

மருத்துவ பீடத்தில் கை மறுபடி கீறத் தொடங்கியது. இழையவியல் கொப்பியில் ஊதாப் பென்சிலாலும் இளஞ்சிவப்புப் பென்சிலாலும் கலங்களைக் கீறிய அதே இரவுகளில், விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் நான்கு கட்டக் கதைகள் கீறினோம். வேலைக்கு வந்த பிறகும் பல வருடம் விடவில்லை.

பிறகு ஏன் விட்டோம்? நேரம் இல்லை என்பது ஒரு காரணம். ஆறு கட்டம் உள்ள ஒரு பக்கத்துக்கு எங்களுக்கு நான்கு இரவு வேண்டும். மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், கை நடுங்கக் கூடாது. இரவுக் கடமை முடித்து வந்த கையால் கோடு இழுத்துப் பாருங்கள். எழுத்து அப்படியில்லை. வாட்டிலிருந்து அழைப்பு வந்தால் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடலாம். மூன்று நாள் கழித்து வந்து மிச்சத்தை எழுதலாம். ஆனால் உண்மையான காரணம் வேறு.

வெளிநோயாளர் பிரிவுக்கு ஓர் அம்மா வருவார். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்லை. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும். போகிற நேரத்தில் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் ஒரு படத்தை மேசையில் வைப்பார். மகன், அல்லது மகள். காணாமல் போய் எத்தனையோ வருடம். இப்படி ஒருவரல்ல, பலர். வடக்கிலும் கிழக்கிலும் வேலை செய்யும் எந்த டொக்டருக்கும் இந்த அம்மாவைத் தெரியும்.

இவரைப் பற்றி ஒரு நீண்ட சித்திரக்கதை செய்யவேண்டும் என்று நினைத்தோம். பென்சிலை எடுத்தால் முகம் வேண்டும். முகம் கீறினால் அது யாரோ ஒருவருடைய முகமாகிவிடும். மூக்கை மாற்றலாம், நெற்றியை மாற்றலாம். பையைப் பிடிக்கிற விதம், சேலைத் தலைப்பை இழுத்து மூடுகிற விதம்? அது இல்லாவிட்டால் படத்துக்கு உயிர் இல்லை. இருந்தால் ஊரில் நாலு பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். அந்த அறைக்குள் சொன்னது அறைக்குள்ளேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் உறையைத் திறக்கிறார். பென்சிலை வைத்துவிட்டோம்.

எழுத்தில் 'ஓர் அம்மா வந்தார்' என்று எழுதலாம். வாசிப்பவர் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தைக் கொடுத்துக்கொள்வார். பத்துப் பேரை ஒருவராக்கலாம். ஊரை மாற்றலாம், பிள்ளையின் வயதை மாற்றலாம், எவரும் சொல்லாததைச் சொல்லவைக்கலாம். இன்னொன்று: பேச்சுக் குமிழுக்குள் பதினைந்து சொல்லுக்குமேல் அடங்காது. அந்த அம்மாவோ மழை, பஸ், அயல்வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி அரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்த விசயத்துக்கு வருவார். அந்த அரை மணித்தியாலத்துக்கு நாவலில்தான் இடம் இருக்கிறது. (எங்கள் வெளிநோயாளர் வரிசையில் இல்லை என்பது வேறு கவலை.)

இழந்ததும் உண்டு. சித்திரக்கதையில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறதல்லவா? ஒரு கட்டத்தில் ஆள், அடுத்ததில் வெறும் கதிரை. என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. எழுத்தில் அதற்கு ஈடு தேடுவது பெரிய பாடு, அதுவும் நோயாளியின் வரலாற்றை ஒன்றும் விடாமல் எழுதிப் பழகிய எங்களுக்கு. எங்கள் வழி இது: ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் ஆறு கட்டமாகக் குச்சி மனிதர்களை வைத்துக் கீறிக்கொள்கிறோம். படத்தில் தெரிவதை இரண்டு வரியில் முடிக்கிறோம். படத்துக்குள் அகப்படாததற்கு மிச்சப் பக்கங்களைக் கொடுக்கிறோம்.

எங்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நமது நாட்டிலேயே ஒரே பெயரில் இருவர்: இருவரும் சிவஞானசுந்தரம். ஒருவர் 'நந்தி', சமுதாய மருத்துவப் பேராசிரியர், தோட்டத் தொழிலாளர் வாழ்வை 'மலைக்கொழுந்து' நாவலாக்கியவர். மற்றவர் சவாரித் தம்பரைக் கீறிய, 1963இல் 'சிரித்திரன்' தொடங்கிய சுந்தர். ஒரு பெயர் மருந்தும் நாவலுமாக, மற்றது கேலிச்சித்திரமாக. நாங்கள் ஒரு சிவஞானசுந்தரத்திடமிருந்து மற்றவரிடம் போகிறோம் என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வோம். ஜப்பானில் ஒசாமு தெசூகா மருத்துவம் படித்துத் தேறியும் கீறுவதையே தொழிலாக எடுத்தார். 1973இல் 'பிளாக் ஜாக்' என்ற சத்திரசிகிச்சை நிபுணரைப் படைத்தார். அவர் முகங்களைக் கற்பனையில் எடுத்தார். எங்கள் முகங்கள் நாளைக்கும் வரிசையில் நிற்கும்.

"வேலையை விட்டுவிட்டு எழுதலாமே" என்று கேட்கிறார்கள். சம்பளம் இல்லாமல் எப்படி? அதோடு, 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் வெளிநாடு போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இருப்பவர்களுக்குக் கடமை கூடியிருக்கிறது. அதிலும் ஒருவர் விலகினால் நோயாளர் வரிசை நீளும். வேலையை விட்டால் அந்த அம்மாமாரும் எங்கள் முன் வந்து இருக்கமாட்டார்கள். இன்னொரு கேள்வி, "வீட்டில் யார் சமைக்கிறது?" எழுதுகிற ஆண் டொக்டரிடம் இதைக் கேட்டதாக நாங்கள் அறியவில்லை. பதில்: சில நாள் நாங்கள், சில நாள் அவர்கள், சில நாள் கடைப் பாண்.

எட்டு வருடம் ஆகிறது. பதினான்காவது அத்தியாயத்தில் நிற்கிறோம். அம்மா உறையைத் திறக்கும் இடம். அங்கே எழுத்தை நிறுத்தி ஒரு பக்கத்தில் வெறும் கட்டம் ஒன்றைக் கீறிவிடலாம், உள்ளே ஒன்றும் வேண்டாம் என்கிறார் ஒருவர். அப்படிச் செய்தால் எழுத்தால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும் என்கிறார் மற்றவர். எவர் எதைச் சொன்னார் என்று சொல்லமாட்டோம். போன கிழமையும் தொலைபேசியில் இதற்காகச் சண்டை பிடித்தோம். வாட்டிலிருந்து அழைப்பு வந்ததால் பாதியில் நிற்கிறது.