ஈன்ற பசுவிடம் எச்சரிக்கை வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று மாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "மாட்டைப் பற்றி எங்களுக்கே பாடமா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. பால்மரக் காட்டுக்கு வந்த காலந்தொட்டு நம்மவர் மாடு வளர்த்தவர்கள். லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு, விடியுமுன் எழுந்து பால் கறந்து வைத்துவிட்டு மரம் சீவப் போனவர்கள். அந்தப் பால் காசில் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் புத்தகமும் வாங்கியவர்கள். இன்று ரப்பர் நிரைகள் பல செம்பனையாகிவிட்டன. மாடு மட்டும் நிரைக்குள் மேய்வதை விட்டபாடில்லை.

ஆனால் தோழர்களே, மாட்டை அறிந்தவரும் அடிபடுகிறார். அறிந்தவர் என்பதாலேயே அடிபடுகிறார். முன்பின் தெரியாத மாட்டைக் கண்டால் எவரும் ஒதுங்கித்தான் நடப்பார். "இது நம் லட்சுமி, நம் கையால் புல் தின்று வளர்ந்தது" என்ற நம்பிக்கையோடு புதுக் கன்றின் அருகே குனிகிறாரே, அவருக்குத்தான் ஆபத்து. நேற்று வரை அவர் அறிந்திருந்த பசு வேறு. இன்று கன்றோடு நிற்கும் பசு வேறு. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை பேச்சும்.

பசுவுக்குள் நடப்பது என்ன?

பசு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேலாகக் கன்றைச் சுமக்கிறது. ஈனும் வேளை நெருங்கியதும், இடம் இருந்தால் மந்தையை விட்டு ஒதுங்கி மறைவிடம் தேடுகிறது. கன்று தரையில் விழுந்தவுடன் திரும்பி நக்கத் தொடங்குகிறது. அந்த நக்கல் வெறும் ஈரம் துடைக்கும் வேலையன்று. தன் கன்றின் வாசனையைத் தாய் மனத்தில் பதித்துக்கொள்ளும் நேரம் அது. ஈன்ற உடனே ஐந்து நிமிடம் கன்றோடு இருந்தாலே போதும், அந்தப் பிணைப்பு விழுந்துவிடும் என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக்சிடோசின் என்றொரு சுரப்பு தாயின் உடம்பில் அப்போது பெருகுகிறது. மடியில் பாலை இறங்க வைப்பதும் அதுவே. கன்றின்மேல் பாசத்தைக் கட்டுவதும் அதுவே.

மாட்டின் முன்னோர் காட்டில் வாழ்ந்தவை. ஓநாயும் புலியும் முதலில் குறிவைப்பது எழுந்து ஓட முடியாத கன்றைத்தான். ஓடித் தப்புவதே மாட்டினத்தின் வழக்கம். கன்று ஓட முடியாத அந்தச் சில நாட்களில் மட்டும் தாய் ஓடுவதில்லை, எதிர்த்து நிற்கிறது. மனிதனோடு வாழ வந்து எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தக் குணம் மறையவில்லை. ஆகவே அது கெட்ட மாடும் அன்று, நன்றி கெட்ட மாடும் அன்று. தன் கடமையைச் செய்கிற மாடு. இறந்த கன்றுக்காக அரண்மனை மணியை இழுத்து அடித்து மனுநீதிச் சோழனிடம் நியாயம் கேட்ட பசுவின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் கொட்டகைப் பசுவுக்கு அடிப்பதற்கு மணி இல்லை. கொம்பும் நெற்றியும் குளம்பும்தான் உண்டு.

அந்த நெற்றிக்குப் பின்னால் முந்நூறு, நானூறு கிலோ எடை இருக்கிறது. கொம்பில்லாத மாடு என்று ஏமாந்துவிடக் கூடாது. தலையால் இடித்துக் கீழே தள்ளி, விழுந்தவரின் நெஞ்சைத் தலையாலும் முன்னங்காலாலும் அழுத்தினால் விலா எலும்பு தாங்காது. தூணுக்கும் மாட்டுக்கும் நடுவில் சிக்கினாலும் அதே கதிதான்.

ஆபத்து வரும் வேளைகள்

முதலாவது, நிரைக்குள் ஈன்ற பசு. சாயங்காலம் பட்டிக்குத் திரும்பாத சினைப்பசு எங்கோ கொடிப்பயிரின் மறைவில் ஈன்றிருக்கும். கன்றைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் சற்றுத் தள்ளி மேயும். முதல் நாட்களில் கன்று சத்தம் போடாமல் அசையாமல் கிடக்கும். இது மாட்டினத்தின் இயல்பு. விடியுமுன் தலைவிளக்கோடு மரம் சீவ வருகிற பெண்ணுக்குக் கன்று காலடியில் தெரியும், தாய் தெரியாது. "அநாதையாகக் கிடக்கிறதே" என்று இரக்கப்பட்டுத் தொட்டால், கன்று ஒரு குரல் கொடுக்கும். அந்த ஒரு குரல் போதும். இருட்டில் ஆடிக்கொண்டு வரும் வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பது நல்லெண்ணமா பகையா என்று பசுவுக்கு எப்படித் தெரியும்? தனியே கிடக்கும் கன்று கைவிடப்பட்ட கன்று அன்று என்பதை மறந்துவிடலாகாது. தொடாதீர்கள். தாய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வந்த வழியே பின்வாங்குங்கள். அந்த மரங்களைப் பிறகு சீவிக்கொள்ளலாம்.

இரண்டாவது, கொட்டகைக்குள் வேலை. தொப்புளுக்கு அயோடின் வைப்பது, காதில் எண் மாட்டுவது, கன்றைப் பிரித்துக் கட்டுவது, சீம்பால் கறப்பது ஆகிய எல்லாம் ஈன்ற முதல் சில நாட்களிலேயே வருகின்றன. தாயின் கோபம் உச்சத்தில் இருப்பதும் அதே நாட்களில்தான். வேலை செய்பவர் கன்றின்மேல் குனிந்திருக்கிறார். முதுகு தாய்ப்பக்கம் இருக்கிறது. இடம் குறுகியது, வாசல் ஒன்றே. கன்று கத்துகிறது. இதைவிட மோசமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது. ஆனால் பல கொட்டகைகளில் தினமும் நடப்பது இதுதான்.

மூன்றாவது, நாய். பசுவின் கண்ணுக்கு நாய் என்றால் ஓநாய். கூட வந்த நாயைத் துரத்தும் பசு, நாய் எஜமானின் காலடிக்கு ஓடி வந்தால் எஜமானையும் சேர்த்தே முட்டும். இங்கிலாந்தில் உள்துறை அமைச்சராக இருந்தவர் டேவிட் பிளங்கெட். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். 2009ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று வழிகாட்டி நாயோடு மேய்ச்சல் நிலத்தில் நடந்தபோது, கன்றுகளோடு நின்ற மாடுகளில் ஒன்று பாய்ந்து அவரது விலா எலும்பை முறித்தது. அமைச்சராக இருந்தவர் என்று பசு பார்க்கவில்லை. நமக்கும் சலுகை காட்டப்போவதில்லை. ஈன்ற பசுவிடம் போகும்போது நாயைக் கட்டிவைத்துவிட்டுப் போங்கள்.

நான்காவது, பிள்ளைகள். புதுக் கன்றைக் கட்டிக்கொள்ள ஆசைப்படாத பிள்ளை உண்டா? கன்றைப் பார்க்கட்டும், வேலிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். பெரியவர் இல்லாமல் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மற்றப் பிராணிகளுக்கும் இதே விதிதான். குட்டி போட்ட பன்றி கடிக்கும். பன்றிக்குட்டிக்கு ஊசி போடுவதானால் தாயின் பட்டிக்கு வெளியே, தடுப்புக்கு அப்பால் கொண்டுபோய்த்தான் போட வேண்டும். குட்டியின் அலறல் கேட்டால் தாய் பலகையையும் உடைக்கப் பார்க்கும். எருமைக்கும், குட்டி போட்ட நாய்க்கும் இதைச் சொல்லத் தேவையில்லை.

பசு தரும் அடையாளங்கள்

பல பசுக்கள் முட்டுவதற்கு முன் எச்சரிக்கின்றன. தலையை நிமிர்த்தி, காதுகளை முன்னால் நீட்டி, கண் கொட்டாமல் உங்களையே பார்க்கும். கன்றுக்கும் உங்களுக்கும் நடுவே வந்து நிற்கும். பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடலையும் காட்டும். பிறகு தலை தாழும், மூச்சு சீறும், முன்னங்கால் மண்ணைக் கீறும். தலை தாழ்ந்துவிட்டால் பேச்சுவார்த்தை முடிந்தது என்று பொருள். ஆனால் எல்லாப் பசுவும் இப்படி முன்னறிவிப்புக் கொடுக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. அடையாளம் காட்டாமலே பாய்கிற பசுவும் உண்டு.

செய்ய வேண்டியவை

ஒன்று: தனியாகப் போகாதீர்கள். இருவர் போங்கள். ஒருவர் கன்றைக் கவனிக்கட்டும். மற்றவர் வேறெந்த வேலையும் செய்யாமல் தாயை மட்டுமே கவனிக்கட்டும்.

இரண்டு: தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். இருவருக்கும் இடையே தடுப்பு இருக்கட்டும். கன்று தடுப்புக்கு இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம். ஆனால் தாயின் கண்ணுக்கும் மூக்குக்கும் கன்று எட்டட்டும். கன்றைக் கண்காணாமல் கொண்டுபோவது தாயை இன்னும் கலங்க வைக்கும்.

மூன்று: உள்ளே போகுமுன் வெளியே வரும் வழியைப் பாருங்கள். வாசல் சங்கிலியை அவிழ்த்து வையுங்கள். மனிதன் மட்டும் நுழைந்து வெளியேறும் சந்து ஒன்று வேலியில் இருக்கட்டும்.

நான்கு: குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அந்தப் பக்கமாக ஓசையின்றி அணுகினால் மிரளும். "ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டைப் பாடிக் கற" என்று முன்னோர் சொன்னதில் இந்த அறிவும் அடங்கியிருக்கிறது.

ஐந்து: அவசரம் இல்லாத வேலையைத் தள்ளிப் போடுங்கள். கன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். அதைத் தள்ள முடியாது. தொப்புள் மருந்தும் அவசரமே. காதில் எண் மாட்டுவது காத்திருக்கலாம்.

ஆறு: மனிதரை ஒருமுறை முட்டிய பசுவை நினைவில் வையுங்கள். அடுத்த ஈற்றிலும் அது முட்டக்கூடும். அடுத்து அந்தக் கொட்டகைக்குப் போகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பசு வந்தேவிட்டால்? வேலி அருகில் இருந்தால் வேலிக்கு அப்பால் போய்விடுங்கள். தொலைவில் இருந்தால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள்; ஓட்டத்தில் பசுவை மனிதன் வெல்ல மாட்டான். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே கன்றை விட்டு விலகுங்கள். கையில் தடி இருந்தால் முன்னால் நீட்டிப் பிடியுங்கள். கீழே விழுந்துவிட்டால் தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொண்டு, உருண்டாவது வேலிக்கடியில் வெளியேறப் பாருங்கள்.

யார் பொறுப்பு?

தோழர்களே! முட்டுப்பட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இரண்டே பேச்சுத்தான் காதில் விழும். "விதி" என்பார் சிலர். "கவனக்குறைவு" என்பார் மேலாளர். இரண்டையும் நாம் ஏற்க முடியாது. ஈன்ற பசு முட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்த ஆபத்துக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டு, அடிபட்ட பிறகு விதி என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆஸ்திரியா நாட்டின் தீரோல் மலையில் 2014ஆம் ஆண்டு, நாயோடு நடந்து சென்ற ஒரு பெண்மணியைக் கன்றோடு மேய்ந்த பசுக்கள் தாக்கிக் கொன்றன. முதல் நீதிமன்றம் 2019இல் முழுப் பொறுப்பும் பண்ணைக்காரருடையது என்றது. மேல்முறையீட்டில் அது பாதியாகக் குறைந்தது. 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பாதிப் பங்கை உறுதிசெய்தது. எச்சரிக்கைப் பலகை இருந்தும் நாயோடு மாடுகளின் அருகே போனது அம்மையாரின் பங்கு. ஆபத்து தெரிந்திருந்தும், ஆள்நடமாட்டம் மிகுந்த அந்தச் சிறு பகுதிக்கு வேலி போடாமல் பலகையோடு நிறுத்திக்கொண்டது பண்ணைக்காரரின் பங்கு. பலகை மாட்டியதோடு கடமை முடிந்துவிடாது என்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். எச்சரிக்கையைப் படித்த பிறகும் அலட்சியமாக இருந்தால் நம் பக்கமும் பழி வரும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத்துக்கும் பொருந்தும். முதலாளி இயன்ற அளவு பாதுகாப்பான வேலை முறையை அமைத்துத் தர வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி நடவடிக்கை எடுக்காதபோது, அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையையும் தருகிறது. எனவே பண்ணை மாடு பார்க்கும் தோழரை "ஒற்றை ஆளாய்ப் போய்க் கன்றைப் பிடித்து வா" என்று அனுப்பினால், "இன்னோர் ஆளும் தடுப்பும் வேண்டும்" என்று கேட்பது திமிர் ஆகாது, உரிமையே ஆகும்.

வேலையில் அடிபட்டால் சொக்சோ இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அத்திட்டம், 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக் காப்பு அளிக்கிறது. இன்று மாட்டுக் கொட்டகையில் நம்மோடு நிற்கும் வங்காளத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். கிராணிமார்களே, இங்கேதான் உங்கள் பேனா எங்கள் கைக்கு உதவ வேண்டும். "மாடு முட்டியது" என்ற இரண்டு சொல்லோடு ஏட்டை மூடிவிடாதீர்கள். ஈன்று எத்தனை நாள், எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், தடுப்பு இருந்ததா, யார் அனுப்பினார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த நான்கு வரி பின்னால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.

வீட்டுப் பசு முட்டினால் கதை வேறு. அது தோட்ட வேலையில் சேராது. ஆனால் சுயதொழில் செய்வோருக்கென 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2020 முதல் கால்நடை வளர்ப்போரும் அதில் சேர வழி திறந்தது. பால் விற்றுப் பிழைப்பவர்கள் விசாரித்துச் சேர்ந்துகொள்வது நல்லது.

ஆகவே கிளைகள் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை நான்கு. ஈனும் பசுவுக்கு நடுத்தடுப்பும் இரண்டு வாசலும் உள்ள தனிக் கொட்டகை வேண்டும். ஈன்ற பசுவிடம் இருவர் போவதே முறை என்று எழுத்தில் வேண்டும். எந்த நிரையில் சினைப்பசு ஒதுங்கியிருக்கிறது என்பதைக் காலைப் பெரட்டில் மரம் சீவுவோருக்கு அறிவிக்க வேண்டும். முட்டிய மாட்டுக்கு ஏட்டில் பதிவு வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சில மரக்கட்டைகளும் ஓர் ஆளின் அரை மணி நேரமும்தான்.

பசு தன் பிள்ளையைக் காக்கிறது. அதன்மேல் நமக்குக் கோபம் இல்லை. நமக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொட்டகைக்குப் போன தாய் முழு உடம்போடு திரும்ப வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். நாளைக் காலை கொட்டகைக் கதவைத் திறக்குமுன் ஒரு கணம் நின்று இன்னோர் ஆளைக் கூப்பிடுங்கள்.