கெல்லிஸ் புஷ்: 12 ஏக்கரும் 12 ஆண்டுகளும்

சிட்னி நகரில் பாரமட்டா ஆற்றங்கரையை ஒட்டி ஹண்டர்ஸ் ஹில் என்றொரு பகுதி இருக்கிறது. வசதி படைத்தவர்கள் வாழும் இடம். அங்கே சுமார் 12 ஏக்கர் பரப்பில் ஒரு புதர்க்காடு. பெயர் கெல்லிஸ் புஷ். மணற்பாறைத் திட்டுகளும், பாறை இடுக்கில் வேர்விட்ட மரங்களும், ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒற்றையடிப் பாதைகளுமாகக் கிடக்கும் நிலம். யாரும் நட்டு, நீர் ஊற்றி வளர்த்த பூங்கா அல்ல. வெள்ளையர் குடியேற்றத்தில் அழிந்த ஆற்றங்கரைக் காட்டில் மிச்சமிருந்த ஒரு துண்டு.

அந்தத் துண்டு தப்பியதே ஒரு தொழிற்சாலையின் புண்ணியத்தில்தான். 1890களில் கெல்லி குடும்பம் அங்கே ஓர் உலோக உருக்காலையை வைத்தது. ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே இடைவெளி வேண்டுமே என்பதற்காகக் காடு விடப்பட்டது. பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். 1960களின் பிற்பகுதியில் ஆலை வேறிடத்துக்குப் போயிற்று. புகை ஒழிந்ததும் நிலத்துக்கு விலை ஏறியது. ஜென்னிங்ஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் அங்கே வீடுகள் கட்டத் திட்டமிட்டது. திட்டம் சிலமுறை மாறி, கடைசியில் 25 ஆடம்பர வீடுகள் என்று முடிந்தது.

1970இல் அந்தப் பகுதியைச் சேர்ந்த 13 பெண்கள் ஒன்றுகூடிக் கெல்லிஸ் புஷ்ஷைக் காக்க ஒரு குழு அமைத்தார்கள். பெரும்பாலும் இல்லத்தரசிகள்; அரசியல் அனுபவம் இல்லாதவர்கள். மனு எழுதினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், உள்ளாட்சி மன்றத்திலிருந்து மாநில அரசு வரை போய்ப் பேசினார்கள். ஜனநாயகத்தில் ஒரு குடிமகன் தட்டக்கூடிய கதவுகளையெல்லாம் தட்டியாயிற்று. ஆனால் 1971இல் மாநில அரசு அந்த நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றி ஒப்புதல் தந்துவிட்டது. சட்டப்படி எல்லாம் முடிந்த கதை. மரத்தை வெட்டுவதற்கு இனி ஆள் வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஆட்களிடமே போகலாம் என்று அந்தப் பெண்கள் எடுத்த முடிவில்தான் வரலாறு திரும்பியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கட்டடத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மண் தோண்டுபவர், கலவை சுமப்பவர், சாரம் கட்டுபவர், பழைய கட்டடம் இடிப்பவர் ஆகியோரின் சங்கம் அது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் தனிச்சங்கம் உண்டு. இது அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களின் சங்கம். அதன் செயலாளர் ஜேக் மண்டி, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். தேர்தல்தோறும் பழமைவாதிகளுக்கு வாக்களித்துப் பழகிய ஒரு பகுதியின் பெண்கள், செங்கொடிக்காரரின் அலுவலகப் படி ஏறினார்கள் என்றால், அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் அது சாதாரணச் செய்தி அல்ல. ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத இரண்டு கூட்டங்கள் அவை.

சங்கம் உடனே தலையாட்டிவிடவில்லை. பணக்காரர்களின் ஜன்னலுக்கு வெளியே காட்சி கெடாமல் இருக்கத் தொழிலாளி ஏன் வேலையை இழக்க வேண்டும் என்ற கேள்வி சங்கத்துக்குள்ளேயே எழுந்தது, நியாயமான கேள்விதான். ஆகவே சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது: 13 பேர் கேட்டால் போதாது, பகுதி மக்கள் பொதுக்கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும். கூட்டம் கூடியது. சுமார் 600 பேர் வந்தார்கள். சங்கம் தலையிட வேண்டும் என்று அந்தக் கூட்டமே முறைப்படி கேட்டுக்கொண்டது. அந்த நிலத்தில் எங்கள் ஆட்கள் யாரும் வேலை செய்ய மாட்டார்கள் என்று சங்கம் அறிவித்தது. பின்னாளில் ‘பசுமைத் தடை’ என்று பெயர் பெற்ற நடவடிக்கைகளில் இதுவே முதலாவது.

சங்கத்தில் சேராத ஆட்களை வைத்துக் கட்டிக்கொள்கிறோம் என்றது நிறுவனம். அதற்குப் பதில், வடக்கு சிட்னியில் அதே நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த ஓர் அலுவலகக் கட்டடத்திலிருந்து வந்தது. அங்கே வேலையில் இருந்த தொழிலாளர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள்: கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரம் விழுந்தாலும், இந்தப் பாதிக் கட்டடம் என்றென்றைக்கும் பாதியாகவே நிற்கும், கெல்லிஸ் புஷ்ஷின் நினைவுச் சின்னமாக! நீதிமன்றத் தடையாணைக்கு மேல்முறையீடு செய்யலாம். இதற்கு எங்கே செய்வது? நிறுவனம் பின்வாங்கியது.

இந்தச் சங்கத்துக்கு அப்படியொரு துணிவு திடீரென்று வந்துவிடவில்லை. 1970இல் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்து வென்ற சங்கம் அது. தலைவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குமேல் பதவியில் இருக்கக் கூடாது என்று தனக்குத் தானே விதி வகுத்துக்கொண்ட சங்கமும்கூட. கட்டுமானத் தொழில் கொழித்த காலம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓர் இடத்தில் வேலை நின்றால் இன்னோர் இடத்தில் கிடைத்தது. கூலியைப் பற்றி மட்டும் பேசாமல், தன் உழைப்பு எதற்குப் பயன்படுகிறது என்பதிலும் தொழிலாளிக்குச் சொல் உண்டு என்று மண்டி வாதிட்டார்.

செய்தி பரவியதும் ஊர் ஊராக மக்கள் சங்கத்தைத் தேடி வந்தார்கள். 1974க்குள் 40க்கும் மேற்பட்ட தடைகள். ஓபரா ஹவுஸுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டுவதற்காகத் தாவரவியல் பூங்காவை ஒட்டிய பழைய அத்தி மரங்களைப் பலியிடும் திட்டம் நின்றது. கார் நிறுத்துமிடம் பிறகு 1993இல் பூமிக்கடியில் குடைந்து கட்டப்பட்டது. வழி முன்பும் இருந்திருக்கும், தேடத்தான் ஆளில்லை. சென்டெனியல் பூங்காவில் ஒலிம்பிக் கனவோடு பெரிய விளையாட்டரங்கம் கட்டும் யோசனையும் கைவிடப்பட்டது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் எழுத்தாளர் பேட்ரிக் வைட்டும் ஒருவர். அந்தப் பூங்காவுக்கு எதிரே குடியிருந்தவர். கூட்டம் என்றாலே ஒதுங்கிப்போகிற இயல்புடையவர். 1973இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. தி ராக்ஸ் என்ற பழைய துறைமுகக் குடியிருப்பைக் காக்க நின்றவர்களை 1973இல் போலீஸ் தூக்கிச் சென்றது. மண்டியும் அதில் அடக்கம். சிட்னியின் விக்டோரியா தெரு வீடுகளை இடிப்பதை எதிர்த்து எழுதிய பத்திரிகை ஆசிரியர் ஹுவானிடா நீல்சன் 1975 ஜூலையில் காணாமல் போனார். அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அதே ஆண்டு சங்கத்தின் தேசியத் தலைமையே மாநிலக் கிளையைக் கைப்பற்றி, மண்டியையும் தோழர்களையும் வெளியேற்றியது. பசுமைத் தடைகளின் காலம் அத்தோடு முடிந்தது.

முடிவதற்குள் அரசுக்கு ஒன்று உறைத்திருந்தது. 1977இல் மாநிலம் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் சட்டம் இயற்றியது. 1979இல் வந்த திட்டமிடல் சட்டம், கட்டுமானத் திட்டங்களைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லும் வாய்ப்பைப் பொதுமக்களுக்குத் தந்தது. 1970இல் அந்த 13 பெண்கள் கையில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், சங்க அலுவலகம் வரை போயிருக்க வேண்டிய தேவை வந்திருக்காது.

கெல்லிஸ் புஷ்ஷின் கதைக்கு மட்டும் இன்னும் ஒரு வரி பாக்கி. தடையால் வீடுகள் வராமல் போயினவே தவிர, நிலம் மக்களுக்குச் சொந்தமாகிவிடவில்லை. பத்திரம் நிறுவனத்தின் பெயரிலேயே கிடந்தது. ஆட்சி மாறினால், சங்கம் தளர்ந்தால், அடுத்த வரைபடம் மேசைக்கு வந்துவிடும். சங்கம் தளரவும் செய்தது. ஆனால் பெண்கள் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அரசை நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 1983இல் நெவில் ரானின் மாநில அரசு நிலத்தை விலை கொடுத்து வாங்கிப் பொதுமக்களுக்கான காப்பிடமாக அறிவித்தது. காடு காப்பாற்றப்பட்டது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய 12 ஆண்டுகளும் வெறும் அவகாசம்.