கங்கையின் பெரும்பொழுதும் சிறுபொழுதும்



கங்கையை ‘வற்றாத ஜீவநதி’ என்று பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். மழை பொய்த்தால் மணல் தெரியும் ஆறுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அத்தொடரில் ஓர் ஏக்கமும் உண்டு. ஆயினும் ‘வற்றாத’ என்னும் அடைமொழி அவ்வாற்றின் இயல்பை விளக்குவதைவிட மறைப்பதே மிகுதி. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அந்த அளவுகோலைக் கங்கைக்கு வைத்துப் பார்ப்போம்.

முதலில் நிலம். கார்வால் இமயத்தில் ஏறத்தாழ 30 கி.மீ. நீண்டு கிடக்கிறது கங்கோத்ரிப் பனியாறு. அதன் முகப்பாகிய கோமுகத்தில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பாகீரதி பிறக்கிறது. தேவப்பிரயாகையில் அலகநந்தாவோடு கலந்த பின்னரே அதற்குக் கங்கை என்னும் பெயர். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அவ்வூரே என்பது வைணவ மரபு.

இனிப் பொழுது. முன்பனிக் காலத்தில் கோமுகத்தில் மெலிந்து தெளிந்த நீரே ஓடும். தீபாவளியை ஒட்டிக் கங்கோத்ரிக் கோயில் நடைசாத்தப்பட்டு, அன்னையின் திருவுருவம் முக்பா என்னும் சிற்றூருக்கு இறங்கிவிடுகிறது. இளவேனிலில், அட்சய திருதியையன்று நடை திறக்கும் காலத்தை ஒட்டி, குளிர்காலத்தில் பெய்த பனி உருகி நீர் பெருகுகிறது. முதுவேனிலில் பனியாற்றின் பழம்பனியே உருகும். பாறையை அரைத்த மாவோடு நீர் கலங்கி வரும். அதன்மேல் தென்மேற்குப் பருவமழையும் சேர, கார்காலத்தில் வெள்ளம், கூதிரில் தணிவு.

சிறுபொழுதும் உண்டு. கோடையில் வைகறை வேளையில் பனியாற்று ஓடைகள் ஒடுங்கியிருக்கும். நண்பகல் வெயில் உருக்கிய நீர் எற்பாட்டில் பெருகி வரும். காலையில் எளிதாய்க் கடந்த ஓடையை மாலையில் கடக்க இயலாமற் போவது மலைவழியில் செல்வோர் அறிந்த பாடம்.

சமவெளிக்கு இறங்கினால் கணக்கு மாறுகிறது. அங்கே ஆண்டு நீரின் பெரும்பகுதி மழை தந்தது. வறண்ட மாதங்களில் நிலத்தடி ஊற்றும் மலைப்பனியும் ஆற்றைத் தாங்குகின்றன. மழை, பனி, ஊற்று என்னும் மூன்று செவிலியர் முறைவைத்து ஊட்டுவதால்தான் அது வற்றாதிருக்கிறது. ஃபராக்கா நீரைப் பங்கிட இந்தியாவும் வங்கதேசமும் 1996-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, சனவரி முதல் மே வரையுள்ள மாதங்களுக்கே பங்கு வகுத்தது. நீர் அரிதாகும் பருவம் அதுவே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அச்செவிலியருள் ஒருத்தி இன்று தளர்ந்து வருகிறாள். 1935 முதல் அளக்கப்பட்டு வரும் கோமுகம் தொடர்ந்து பின்வாங்கி வருகிறது. சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். பனி மிகுதியாக உருகுங்கால் சில காலம் நீரும் மிகும். அது வருவாய் அன்று, முதல் கரைவது.

1972-இல் கே.எல். ராவ் கங்கை–காவிரி இணைப்புத் திட்டத்தை முன்வைத்தார். அக்கனவை நாம் இன்றும் மேடைதோறும் பேசுகிறோம். பேசுவதில் பிழையில்லை. எந்தப் பொழுதின் நீரைக் கேட்கிறோம் என்று மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். கார்கால வெள்ளத்தைக் கண்டு, இளவேனிலிலும் அங்கே மிச்சம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. இரப்போரும் ஈவோரின் இருப்பறிந்து கேட்பதே பண்பு.