ஆர்டருக்கு ஒருவர் உண்டு, குழந்தைக்கு யார்?



திருப்பூரில் படித்து இன்று பட்டம் பெறும் உங்களுக்கு ஓர் ஆர்டர் எப்படி நகர்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்கும் காம்பேக்டிங்குக்கும் போய்வருகிறது. பிறகு கட்டிங், பிரிண்டிங், பவர்டேபிள் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். பல நேரம் ஒவ்வொரு வேலையும் வேறு வேறு ஜாப் ஒர்க் யூனிட்டில், வேறு வேறு வீதியில் நடக்கிறது. எந்த யூனிட்டுக்கும் முழு ஆர்டரைப் பற்றிக் கவலை கிடையாது; தன் வேலையை முடித்து அடுத்த இடத்துக்கு அனுப்பினால் அதன் கடமை தீர்ந்தது. ஆனாலும் சரக்கு தேதி தவறாமல் தூத்துக்குடித் துறைமுகம் சேர்கிறது. மெர்ச்சண்டைசர் என்று ஒருவர் நூலிலிருந்து கப்பல்வரை அந்த ஆர்டரை விடாமல் பின்தொடர்வதுதான் காரணம். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, அடுத்து யாருக்குப் போன் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் நகரம் இந்த ஒழுங்கின்மேல்தான் நிற்கிறது. சிறப்புத் தேவை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி விடாமல் பின்தொடரும் ஒருவர் வேண்டும்; அந்தப் பின்தொடர்தலை மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். நான் இன்று உங்கள்முன் வைக்க வந்த வாதம் இதுதான்.

ஒன்றரை வயதாகியும் எழுந்து நிற்காத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். அந்தக் குழந்தை போகும் அங்கன்வாடி சமூக நலத்துறையின் கீழ் வருகிறது. அங்கே ஆண்டுக்கு இருமுறை வந்து பரிசோதிக்க வேண்டிய மருத்துவக் குழு, 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி மக்கள் நல்வாழ்வுத் துறையைச் சேர்ந்தது. அந்தக் குழு குழந்தையை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. மருத்துவர்கள் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று தந்தால் பல உதவிகளின் கதவு திறக்கிறது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிய வேண்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போக வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். அது வருவாய்த்துறையின் வேலை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழி வந்த நிராமயா காப்பீடு, புற உலகச் சிந்தனையற்ற நிலை, பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரபிச் செலவையும் சேர்த்துத் தருகிறது. அது இன்னொரு வழி. பள்ளி வயதில் வட்டார வள மையம், பள்ளிக்கல்வித் துறை. ஒவ்வொரு படியிலும் நல்ல ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில்தான் யாரும் இல்லை. பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் குழந்தை தொலைந்துபோகிறது.

தொலைவதன் விலை என்ன என்று மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை, தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே உண்டு. மொழியைப் பிடித்துக்கொள்ளும் மூளையின் வேகம் வயதோடு குறைவதால் அந்த வரம்பு. ஐந்து வயதில் கண்டறியப்பட்டு, ஒரு சான்றுக்காக ஓராண்டு அலைந்த குடும்பத்துக்கு அந்தக் கதவு மூடிவிடும். வளைபாதத்தோடு பிறந்த குழந்தையைப் பாருங்கள். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு என்று சில வாரங்களில் பாதம் நேராகிவிடுகிறது. ஆனால் அதன்பின் சுமார் 4 வயதுவரை இரவுதோறும் பிரேஸ் காலணி போட வேண்டும். நிறுத்தினால் பாதம் மீண்டும் வளையக்கூடும். மருத்துவரின் வேலை மாதங்களில் முடிகிறது, குடும்பத்தின் வேலை ஆண்டுகளுக்கு நீள்கிறது. காலணி சிறிதாகிப்போனால் புதியது எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லாததால், சரியாகச் செய்து முடித்த சிகிச்சையும் வீணாகலாம்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அரசு அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளிவரை இயங்குகின்றன. பனியன் கம்பெனி சனிக்கிழமைவரை இயங்குகிறது, சம்பளமும் அன்றுதான். பீஸ் ரேட்டில் தைக்கும் தாய்க்கு அலுவலகத்தில் கழியும் ஒரு நாள் என்பது வாரக் கூலியில் ஒரு துண்டு. ஆர்டர் நெருக்கும் காலத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தகப்பனிடம் ‘நாளை வாருங்கள்’ என்ற இரண்டு சொல்லுக்கு அரைநாளோ முழுநாளோ விலை. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்களின் ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குப் படிவத்தின் மொழியே தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி, வேர்விட்ட ஊரில் கிடைப்பதுபோல் வாடகை லைன் வீட்டில் கிடைப்பதில்லை. இவர்கள் அக்கறையில்லாத பெற்றோர் என்று சொல்பவர்கள், அக்கறைக்கு இங்கே எவ்வளவு கூலி பிடித்தம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பின்தொடர்ந்தால் பலன் உண்டா என்பதற்குச் சான்று இருக்கிறது. 1990-இல் நியூயார்க்கின் ஹார்லம் மருத்துவமனையில் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், ஏழைப் பெண்கள் மார்பகப் புற்றுநோய் முற்றியபின் வருவதைக் கண்டு, பரிசோதனையிலிருந்து சிகிச்சைவரை கூடவே வரும் வழித்துணைகளை நியமித்தார். முன்பு அங்கே ஐந்தாண்டு பிழைத்திருந்தவர்கள் 39 சதவீதம். இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்தபின் அது 70 சதவீதம் ஆனது. நோய் வேறு, நாடு வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வழியில் ஆட்கள் உதிர்ந்துபோகும் விதம் ஒன்றே. நம் மண்ணிலும் சான்று உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் குழந்தையின் முன்னேற்றத்தைச் செயலியில் பதிகிறார்கள். தூரத்திலிருக்கும் தெரபி நிபுணர் அதைப் பார்த்து வழிநடத்துகிறார். சென்னையில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையம், தாயையும் பயிற்சியில் உட்கார வைக்கிறது. நிபுணர் குறைவாக உள்ள இடத்திலும், நடுவில் ஒருவர் நின்றால் நிபுணரின் அறிவு வீட்டுக்குள் போய்ச் சேரும் என்பதை இவை காட்டுகின்றன.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. தெரபிஸ்டுகளே போதவில்லை; வழித்துணை வைத்தால் நீளமான வரிசையின் கடைசிக்குத்தானே கூட்டிப்போவார் என்பார்கள். பற்றாக்குறை உண்மைதான். பிளாஸ் மெடிசின் இதழில் 2018-இல் வெளியான இந்திய ஆய்வு, 2 முதல் 9 வயதுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடு ஏதேனும் ஒன்று இருப்பதாகக் கண்டது. இத்தனை பேருக்கு இப்போதுள்ள நிபுணர்கள் போதமாட்டார்கள். ஆனால் இருக்கும் உதவியும் தெரியாமலே கிடக்கிறதே. தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் அல்லது மனக் குறைபாட்டால் இயலாமல், காப்பீடு பெற்ற தொழிலாளியையே முழுதும் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் வயது வரம்பு கிடையாது. அந்த நிலை நீடிக்கும்வரை மருத்துவ உரிமை உண்டு. மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குவோர் அந்தக் காப்பீட்டுக்குள் வருகிறார்கள். சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கப்படுவது ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். பிள்ளைக்குரிய இந்த உரிமை எத்தனை பேருக்குத் தெரியும்? மேலும், எங்கே எத்தனை நாள் காத்திருக்க நேர்ந்தது என்று குறித்துவைக்கும் வழித்துணையின் நோட்டுப் புத்தகம்தான், எந்த இடத்தில் எத்தனை தெரபிஸ்ட் வேண்டும் என்பதற்கான முதல் ஆதாரமாகும்.

இரண்டாவது மறுப்பு, ஆள் வைப்பதைவிட நடைமுறையை எளிதாக்குவதுதானே முறை என்பது. ஆம், எளிதாக்கத்தான் வேண்டும். உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள், பல சேவைகளை ஒரே கூரையின் கீழ் தருவதற்காகவே வந்தவை. வரவேற்கிறேன். ஆனால் கூரை ஒன்றானாலும், பவர்டேபிள் சந்திலிருந்து குழந்தையை அங்கே கொண்டுவரவும், அங்கே கற்ற பயிற்சி வீட்டில் தொடர்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். எந்தப் படிவம் தேவையற்றது என்பதும் ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் கூடவே போய் நின்றவருக்குத்தான் தெரியும். மூன்றாவது மறுப்பு, குடும்பங்கள் பிறரையே சார்ந்து பழகிவிடும் என்பது. வழித்துணையின் வெற்றி அவர் தேவைப்படாமல் போவதில் இருக்கிறது. பாதையை ஒருமுறை கடந்த தாய், அடுத்த தாய்க்கு அவரே துணையாகலாம். அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய பெற்றோர்களே நடத்தும் குடும்பத் தகவல் மையங்கள் இருக்கின்றன. அனுபவம் இங்கே தகுதியாகிறது. அதற்கு உரிய ஊதியமும் தரவேண்டும்.

கம்பெனி நடத்துபவர்கள் கேட்கலாம், இதில் எங்களுக்கு என்ன என்று. குழந்தைக்காக ஒரு டெய்லர் நின்றுவிட்டால் மெஷின் காலியாகிறது, லைன் தடுமாறுகிறது. மாதத்தில் ஒரு வேலைநாளை மருத்துவத்துக்கென்று முன்கூட்டியே திட்டமிட்டுத் தருவது, திடீரென்று ஆள் வராமல் போவதைவிடச் செலவு குறைந்தது. இந்தக் கணக்கு சரியானதுதான். ஆனாலும் லாபம் இல்லாவிட்டாலும் செய்யத்தக்கது இது. இந்த ஊரின் செல்வம் அந்தத் தொழிலாளர்களின் கைகளால் வந்தது.

பட்டதாரிகளே, உங்களில் பலர் நாளை மெர்ச்சண்டைசராக, எச்.ஆர். அலுவலராக, கணக்காளராக, செயலி எழுதுபவராக, ஆசிரியராகப் போவீர்கள். வழித்துணைக்குத் தேவையான திறன்கள் ஏறக்குறைய எல்லாம் இந்த மூன்றாண்டுகளில் உங்கள் கைக்கு வந்துவிட்டன: படிவத்தைப் படிப்பது, தேதியைக் கணக்கில் வைப்பது, பொறுமையோடு போன் பேசுவது, கோப்பை ஒழுங்காக அடுக்குவது. எச்.ஆர். மேஜையில் உட்காருபவர் ஈ.எஸ்.ஐ. பதிவில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆசிரியர் வட்டார வள மையத்தின் எண்ணைத் தாயிடம் தருவதோடு நிற்காமல், தாமே அழைத்துப் பேசலாம். இந்தி தெரிந்தவர் ஒரு பீகார்க் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போகலாம். கல்லூரி நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கிறேன்: நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் சிலருக்கு ஆளுக்கு ஒரு குடும்பம் என்று ஓராண்டுக்குப் பொறுப்புக் கொடுங்கள். ஆண்டு முடியும்போது எத்தனை கூட்டம் நடத்தினோம் என்று எண்ண வேண்டாம். எத்தனை குழந்தைகள் அடுத்த படிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எந்தப் படியில் நின்றுபோனார்கள் என்று எண்ணுங்கள். நின்றுபோன குழந்தையின் பெயருக்கு எதிரே, அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்று உங்களில் ஒருவர் எழுதிவைத்திருந்தால், நான் இங்கே பேசியதற்குப் பொருள் உண்டாகும்.