மடிப்பு மேசையும் குழந்தைப் புத்தகமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் போன் செய்து, "பெண்களைப் பத்தி ஏதாவது பேசும்மா, இருபது நிமிஷம் போதும்" என்றார். 'ஏதாவது' பேச எனக்குத் தெரியாது. இந்தக் கல்லூரியில் பி.காம். முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் அச்சகத்தில் கணக்கெழுதப் போனவள் நான். பிறகு பைண்டிங் பகுதிக்குப் பொறுப்பாளராக்கினார்கள். இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. எனவே எனக்குத் தெரிந்த குழந்தைப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன். பெண்கள் அதில் தாமாகவே வந்து சேர்வார்கள்.

ஷேக்ஸ்பியர் கதைகளை உரைநடையில் துணைப்பாடமாகப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆசிரியர் யார் என்று கேட்டால் சார்லஸ் லாம்ப் என்போம். 1807-இல் வந்த அந்த நூலில் உள்ள 20 கதைகளில் 14 கதைகளை எழுதியவர் அவருடைய அக்கா மேரி லாம்ப். முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் தம்பி பெயர் மட்டும்தான் இருந்தது. அதை வெளியிட்ட சிறுவர் புத்தகக் கடையை முன்னின்று நடத்தியவரும் ஒரு பெண்மணிதான். மேரி ஜேன் காட்வின் என்று பெயர். பின்னாளில் 'எம்.ஜே. காட்வின்' என்றே அந்த நிறுவனம் நடந்தது. முதலெழுத்துகளை மட்டும் பார்த்தால் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் மாக்மில்லன் நிறுவனம் 1919-இல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, லூயிஸ் சீமன் என்ற பெண்ணிடம் ஒப்படைத்தது. அடுத்து மே மாஸி, அதன்பின் ஹார்ப்பர் நிறுவனத்தில் உர்சுலா நார்ட்ஸ்ட்ராம் என்று வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். பெருந்தன்மையால் கொடுத்த பதவி என்று நான் நினைக்கவில்லை. குழந்தை சமாச்சாரம்தானே, டீச்சரம்மா பார்த்துக்கட்டும் என்று கொடுத்தது. அவர்கள் அதையே ஒரு தொழிலாக வளர்த்துக் காட்டினார்கள்.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. 1947-இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா ஆகட்டும், 1950-இல் வந்த கண்ணன் ஆகட்டும், 1972-இல் வந்த கோகுலம் ஆகட்டும், ஆசிரியர் நாற்காலியில் இருந்து பெயர் பெற்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் செய்தது பெரும் பணி. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணன் இதழின் போட்டியில் பரிசு வாங்கிய 'நந்திமலைச் சாரலிலே' என்ற சிறுவர் நாவலை எழுதியவர் ஒரு பள்ளி வயதுப் பெண். அவர்தான் பின்னர் நாமெல்லாம் அறிந்த அம்பை. வேடிக்கை ஒன்று சொல்கிறேன். சிறுவர் இலக்கியத்தில் 'ரேவதி' என்ற பெயரைப் பார்த்து அம்மா என்று நினைத்தவர்கள் உண்டு. அது ஈ.எஸ்.ஹரிஹரன் என்ற ஐயாவின் புனைபெயர்! சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2019-இல் தேவி நாச்சியப்பனுக்கும், 2022-இல் 'மல்லிகாவின் வீடு' நூலுக்காக ஜி.மீனாட்சிக்கும் கிடைத்தது. தேவி நாச்சியப்பன், குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பாவின் மகள்.

ஆனால் பதிப்பகம் என்று எடுத்துக்கொண்டால், சென்னையில் 1994-லிருந்து 1996-க்குள் நடந்தது தனிக் கதை. 1994-இல் கீதா வுல்ஃப் 'தாரா' பதிப்பகத்தைத் தொடங்கினார். 1996-இல் ராதிகா மேனன் 'தூளிகா'வைத் தொடங்கினார். அதே ஆண்டு வந்த 'கரடி டேல்ஸ்' நிறுவனர்களில் ஷோபா விஸ்வநாத் ஒருவர். மூன்று ஆண்டில் மூன்று பதிப்பகங்கள். மூன்றிலும் பெண்கள்.

அச்சுக்காரி என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். தாரா 2006-இல் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற புத்தகம் கொண்டுவந்தது. கோண்டு ஓவியர்கள் துர்காபாய், பஜ்ஜு ஷ்யாம், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரும் வரைந்த மரங்கள். கையால் செய்த கறுப்புத் தாளில், ஒவ்வொரு வண்ணமாகப் பட்டுத்திரை அச்சு. எங்கள் ஆப்செட் மெஷினில் அது சாமானியமாக நடக்காது. ஆப்செட் மை கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் தாளின் நிறம் தெரிந்துவிடும். கறுப்புத் தாளில் மஞ்சளை ஓட்டினால் மஞ்சள் காணாமல் போகும். திரை அச்சில் மை கனமாக உட்காரும். அதனால்தான் அந்த மரங்கள் இருட்டில் ஒளிர்கின்றன. 2008-இல் இத்தாலியின் பொலோனா கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. வீட்டுவேலை செய்து பிழைத்த மிதிலை ஓவியர் துலாரி தேவியின் வாழ்க்கையையும் தாரா அவர் படங்களுடனேயே புத்தகமாக்கியது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த ஆண்டு துர்காபாய்க்கு.

தூளிகாவின் வழி வேறு. ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறார்கள். இது எப்படிக் கட்டுபடியாகிறது என்று காமர்ஸ் மாணவர்கள் கேட்கணும். படத்துக்கான வண்ணங்களை எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டலாம், எழுத்து கறுப்பு. எனவே மொழி மாறும்போது மாற்ற வேண்டியது கறுப்புத் தகடு ஒன்றுதான். தனியாக 2,000 பிரதி அடித்தால் நஷ்டம் வரும் மொழிக்கும் இந்தக் கணக்கில் இடம் கிடைத்துவிடுகிறது. எந்த மொழிப் பிள்ளைக்குப் புத்தகம் உண்டு, எதற்கு இல்லை என்பதை இந்த ஒரு தகடு தீர்மானிக்கிறது, பாருங்கள்.

இவர்களைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன, நேர்காணல் எடுக்கிறார்கள். வரவேண்டியதுதான். நான் பேச வந்தது அதற்கு அடுத்த மேசையைப் பற்றி.

படப் புத்தகம் ஏன் பெரும்பாலும் 24 பக்கம் அல்லது 32 பக்கம் இருக்கிறது? ஒரு தாளின் இரு புறமும் எட்டு எட்டாக 16 பக்கம் அடிப்போம். அதுதான் ஒரு பாரம். அதை மூன்று முறை மடித்தால் பக்கம் வரிசையாக வரும். ஒன்றரை பாரம் 24, இரண்டு பாரம் 32. அந்த மடிப்பும், பாரங்களை வரிசையாகச் சேர்ப்பதும், தையலும், பின் அடிப்பதும் நான் பார்த்தவரை பெண்களின் வேலை. மெஷினில் ஆண்கள், மேசையில் பெண்கள். ஆண்களுக்கு மாதச் சம்பளம், பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. லண்டனில் எம்மா பேட்டர்சன் 1874-இல் பைண்டிங் வேலை செய்யும் பெண்களுக்குச் சங்கம் அமைத்தார். மடிப்பும் தையலும் அங்கேயும் பெண்கள் கையில்தான்.

எங்கள் மேசையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். கவரப்பேட்டை, ஏளாவூர், ஆரம்பாக்கம் பக்கமிருந்து வருவார்கள். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் பக்கம் மாறினால் முதலில் பிடிப்பது அவர்கள்தான், படத்தைப் பார்த்தே பிடிப்பார்கள். ஒருநாள் ஒரு அக்கா பாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா இது, போன பக்கத்துல புலி அழுவுது, இந்தப் பக்கத்துல துன்னுகினு கீது? நடுவுல ஒண்ணு காணமே?"

பார்த்தால், மூலப்படி கோப்பிலேயே இரண்டு பக்கம் இடம் மாறியிருந்தது. பதிப்பகத்தில் யாரும் கவனிக்கவில்லை, மெஷின்காரரும் கவனிக்கவில்லை. 3,000 பிரதி தைத்து முடித்தபின் தெரிந்திருந்தால் அத்தனையும் எடைக்குத்தான். அந்த அக்காவுக்கு அன்றைக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பேரனுக்கென்று அவர் கேட்ட கழிவுத் தாள் நாலு. அதையும் கேட்டில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

பிறகு மடிப்பு மெஷின் வந்தது. மெஷின் வரக்கூடாது என்று சொல்ல மாட்டேன். முதுகு வலி என்னவென்று எனக்கும் தெரியும். இருபத்திரண்டு பேர் ஒன்பது பேரானார்கள். பணிக்கொடை என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. ஏனென்றால் கூலிப் புத்தகத்தில் ஒருவர் பெயரும் தொடர்ச்சியாக இல்லை. நிர்வாகத்திடம் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை.

சரி, இந்தச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. ஆண்டுதோறும் பரிசுக் கேடயத்துக்கும் எவர்சில்வர் டம்ளருக்கும் நாம் செலவிடும் தொகை பொருளாளருக்குத் தெரியும். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு மழைக்காலம் முடிந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சிப்காட்டுக்குள்ளேயும் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய. எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கு பேசும் பிள்ளைகள். மூர் மார்க்கெட் 1985-இல் தீப்பிடிக்கும் முன் அங்கே பழைய புத்தகம் பொறுக்கியதாகச் சீனியர்கள் கதை சொல்வார்கள். இன்று கும்மிடிப்பூண்டி லோக்கல் புறப்படும் நிலையத்துக்கு அந்தப் பெயர்தான் மிச்சம். நம் பக்கத்துச் சூளைப் பிள்ளைக்குப் பழைய புத்தகம்கூட இல்லை. அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்கள் தந்தது, நல்ல காரியம். ஒடியா பேசும் குழந்தை நுழைவதற்கு வேறு வாசல் வேண்டும்.

பிரதம் புக்ஸ், ரோகிணி நிலேகணி உள்ளிட்டோர் 2004-இல் தொடங்கியது. அதன் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் உள்ள கதைகளைப் பெயர் குறிப்பிட்டு யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். பணம் கட்ட வேண்டாம். ஒடியாவும் தமிழும் ஒரே பக்கத்தில் வருமாறு பத்துக் கதைகள், கதைக்கு 500 பிரதி என்று மதிப்பீடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், பாருங்கள். மடிப்பும் தையலும் மெஷினில் இல்லை. நின்றுபோன பதின்மூன்று பேரில் எட்டுப் பேர் வரத் தயார். கூலி ஆயிரக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில் போட்டிருக்கிறேன். அதனால் பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். பொருளாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயருக்குக் கீழே அந்த எட்டுப் பேருடைய பெயரும் வரும். அவர்களிடம் கேட்டாயிற்று. ஒருத்தர் மட்டும், "இனிஷியலை ஒழுங்கா போடும்மா" என்றார்.