எடைத்தட்டு யார் கையில்?

(காபித் தொழிலில் பெண்களின் நிலை குறித்துத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொழுது விடிந்ததும் நாம் நாடுவது காபியை. டிகாஷன் திடமாக இறங்கியதா, சிக்கரி மிகுந்துவிட்டதா, பால் நீர்த்துவிட்டதா என்று நுணுகி நுணுகி ஆராய்கிறோம். ஆனால் அந்தப் பழத்தைப் பறித்தவர் யார், பறித்தவருக்குக் கிடைத்தது என்ன என்று ஒருநாளும் ஆராய்ந்தோமில்லை. அந்த ஆராய்ச்சியைத்தான் இன்று செய்ய விரும்புகிறேன். தோட்ட முதலாளிகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்வேன். பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

இந்தியாவில் விளையும் காபியில் ஏறத்தாழ 100க்கு 70 பங்கு கர்நாடக மாநிலத்து மலைகளில் விளைகிறது. குடகும் சிக்மகளூரும் அதன் தாயகங்கள். அடுத்து வயநாடு, அதன்பின் நம் ஏற்காடும், கொடைக்கானலின் கீழ்மலைகளும். கார்த்திகை தொடங்கி மாசி வரையில் பழம் பறிக்கும் காலம். ஒரே கிளையில் சிவந்த பழமும் இருக்கும், பச்சைக் காயும் இருக்கும். பழுத்ததைப் பறிக்க வேண்டும். காயை விட்டுவிட வேண்டும். கண்ணும் விரலும் ஒருசேர உழைக்கும் வேலை அது. அட்டை கடிக்கும் ஈரத்தில், சறுக்கும் சரிவில், இடுப்பிலே பை கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்பவர்களில் மிகப் பலர் பெண்கள். அதன்பிறகு கொட்டையைத் தரம் பிரிக்கும் ஆலையில் கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கி எடுப்பவர்களும் பெண்களே.

மாலையில் மூட்டைகள் எடைக்கு வருகின்றன. தோழர்களே, இந்த இடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள்! காலையிலிருந்து பறித்தவள் பெண். ஆனால் தராசின் முள்ளைப் பார்ப்பவர் மேஸ்திரி. ஏட்டில் எழுதுபவர் கணக்கப்பிள்ளை. பெரும்பாலான தோட்டங்களில் இருவரும் ஆண்கள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, பச்சைக் காய் கலந்ததற்கு இவ்வளவு என்று கழிவு போடுகிறவரும் அவரே. கழித்தது நியாயமா என்று கேட்கும் துணிவு, நாளைக்கும் அவரிடமே வேலை கேட்டு நிற்க வேண்டிய பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? குடும்பமாகப் பறிக்கும் இடங்களில் மனைவி பறித்த பழமும் மகள் பறித்த பழமும் கணவன் பெயரில் ஏறுவதும் உண்டு. உழைப்பு அவளுடையது, பெயர் அவனுடையது, கூலியும் அவன் கைக்கே போகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சமவேலைக்குச் சமகூலி என்பது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்திலேயே அரசின் நெறியாக எழுதப்பட்டது. அதற்கெனத் தனிச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அப்படியானால் வேற்றுமை எப்படி வாழ்கிறது? கூலியில் வேற்றுமை காட்டுவது குற்றம் என்றதும், வேலையையே வேறாக்கிவிட்டார்கள். பழம் பறிப்பது பெண்ணுக்கு. கவாத்து வெட்டுவது ஆணுக்கு. களத்தில் கிளறுவது பெண்ணுக்கு; எந்திரத்தை ஓட்டுவது ஆணுக்கு. பொறுக்குவது பெண்ணுக்கு, மேற்பார்வை ஆணுக்கு. பிறகு, “வேலை வேறு, ஆகவே கூலி வேறு” என்று வாதம்! எவ்வளவு எளிய தந்திரம் பார்த்தீர்களா?

இந்தத் தந்திரத்துக்கு 1987இலேயே உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. ஒரு கம்பெனியில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்த வழக்கு அது. பதவியின் பெயரைப் பார்க்காதே, கையால் செய்யும் வேலையைப் பார் என்பது அத்தீர்ப்பின் சாரம். கம்பெனிக்கு வசதியில்லை என்ற சாக்கும் செல்லாது என்றது நீதிமன்றம். எழுத்தாளர் மேசைக்குப் பொருந்திய அந்த நீதி, காபித் தோட்டத்துக்குப் பொருந்தாதா? பச்சையிலிருந்து பழுத்ததைப் பிரித்தறியும் விரலுக்குத் திறமை இல்லையா? அதைத் ‘திறமை வேண்டாத வேலை’ என்று பட்டியலில் எழுதியவர் யார்? ஒருநாளாவது பறித்துப் பார்த்தவரா?

பேறுகாலச் சலுகையை எடுத்துக்கொள்வோம். 1961இன் சட்டம் தோட்டத்துப் பெண்களுக்கும் உரியதாக இருந்தது. 2017இல் விடுப்புக் காலம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. மகிழ்ச்சி! ஆனால் பேறுக்கு முந்தைய 12 மாதத்தில் அதே முதலாளியிடம் 80 நாள் வேலை செய்திருந்தால்தான் அச்சலுகை. பறிப்புக் காலமோ சில மாதங்கள். இந்தத் தோட்டத்தில் ஒரு மாதம், அடுத்த தோட்டத்தில் ஒரு மாதம் என்று ஒப்பந்தக்காரர் கூட்டிச் செல்லும் பெண்ணுக்கு 80 நாள் எங்கே நிறையும்? ஏட்டிலே உரிமை இருக்கிறது. அவள் வீட்டிலே தொட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒப்பந்தக்காரர் நிற்கிறார்!

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. உலகக் காபி அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். காபி விளைவிக்கும் உழைப்பில் 100க்கு 70 வரை பெண்களுடையது. ஆனால் பெண்கள் நடத்தும் தோட்டங்களோ 100க்கு 20 முதல் 30 வரைதான். நிலப்பட்டா ஆண் பெயரில். ஆகவே கடனும் அவனுக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் வாக்கும் அவனுக்கு, பயிற்சி வகுப்பில் நாற்காலியும் அவனுக்கு.

நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்தாலும் கதை மாறவில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு காபி இறக்குமதி நிலையத்தில் செயலாளராக இருந்தவர் எர்னா கனட்சன். காபியைச் சுவைத்துத் தரம் சொல்லும் அறைக்குள் அவர் நுழைவதை அங்கிருந்த ஆண்கள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை, நுழைந்தார், கற்றார். ‘சிறப்புக் காபி’ என்று இன்று உலகெங்கும் விலை உயர்த்தி விற்கிறார்களே, அந்தப் பெயரை 1974இல் வழக்கில் கொண்டுவந்தவர் அவரே. பின்னர் அந்த நிலையத்தையே தமக்கு உரிமையாக்கிக்கொண்டார். நாக்குக்கு ஆண் என்றும் பெண் என்றும் வேற்றுமை உண்டா? காபி தயாரிப்பவர்களுக்கான உலகப் போட்டி 2000இல் தொடங்கியது. அதில் ஒரு பெண் முதன்முதலாக வென்றது 2018இல். போலந்து நாட்டின் அக்னியெஷ்கா ரொயெவ்ஸ்கா. வீட்டில் காபி போடுவது பெண்ணின் கடமை என்ற உலகம், மேடையில் காபி போட்டுப் பரிசு வாங்க அவளுக்கு 18 ஆண்டு வழிவிடவில்லை!

இனி நம் பக்கத்துக் கணக்குக்கு வருகிறேன். காபி வாரியம் தன் காபி விடுதிகளை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் 1957இல் ஏ.கே. கோபாலன் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, விடுதிகளைத் தாங்களே நடத்தினர். தொழிலாளி முதலாளியான அந்த வரலாறு நம் பெருமை. கேரளத்தின் முதல் விடுதி திருச்சூரில் 1958 மார்ச் 8ஆம் நாள் திறக்கப்பட்டது. மார்ச் 8! உலக மகளிர் நாள்! ஆனால் தலைப்பாகை கட்டி அங்கே பரிமாறியவர்கள் நெடுங்காலம் ஆண்களே. முதலாளியை வெளியேற்றிய தொழிலாளி, வாசலில் நின்ற தன் சகோதரியை உள்ளே அழைக்க மறந்தான். அதே 1957இல் சென்னையில் உணவு விடுதிப் பலகைகளில் இருந்த சாதிப் பெயரை அழிக்கப் பெரியார் கிளர்ச்சி செய்தார். பலகையில் இருந்த வேற்றுமை நம் கண்ணுக்குத் தெரிந்தது. சம்பளப் பட்டியலில் இருந்த வேற்றுமை தெரியாமல் போனது ஏன்?

திருநங்கையரையும் திருநம்பியரையும் இங்கே மறந்தால் என் உரை அரைகுறையாகும். அவர்களும் சம உரிமையுள்ள குடிமக்கள் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. வேலையில் அவர்களை வேற்றுமைப்படுத்தலாகாது என்று 2019இல் சட்டமும் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கூலிச் சட்டத் தொகுப்பு, ஆண்–பெண் என்று மட்டும் பேசாமல், பாலினத்தின் பெயரால் கூலியில் வேற்றுமை கூடாது என்கிறது. நல்ல சொல். ஆனால் வேலை கேட்டு வருபவரைத் தோட்ட வாசலிலும் விடுதி வாசலிலும் ஏளனச் சிரிப்பு திருப்பி அனுப்புமானால், உள்ளே இருக்கும் சட்டத்தை அவர் எப்போது சந்திப்பார்?

ஆகவே தோழர்களே, கோரிக்கைகள் நான்கு. எடைபோடும் இடத்தில் பறிக்கும் பெண்கள் தேர்ந்தெடுத்த ஒரு பெண் நிற்க வேண்டும். கழிவு எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட வேண்டும். ஏட்டில் அவரவர் பெயர். கூலி அவரவர் கையில். தோட்டம் மாறினாலும் உழைத்த நாட்கள் அனைத்தும் சேர்த்து எண்ணப்பட்டுப் பேறுகாலச் சலுகை கிடைக்க வேண்டும். மேற்பார்வை, எந்திரம், சுவைச் சோதனை எல்லாவற்றிலும் பயிற்சி யாவர்க்கும் திறந்திருக்க வேண்டும்.

இவற்றை முதலாளியிடம் கேட்பதற்கு முன், நம் சங்கத்திடம் கேட்போம். பெண்கள் நிறைந்த தொழிலில் சங்க மேடையில் எத்தனை பெண்கள்? நான் பேசிக்கொண்டிருக்கிற இந்த மேடையைப் பாருங்கள். தாய்மார்கள் எல்லாரும் எதிரே அமர்ந்திருக்கிறார்கள், மேலே ஒருவர்கூட இல்லை. அடுத்த கூட்டத்தில் இந்த உரையை ஆற்ற வேண்டியவர் நானல்லன். காபி பறித்த கையுடையவர் ஒருவர். அவர் பேசட்டும், நாம் கீழே அமர்ந்து கேட்போம்.